கோடு, சுருக்கொப்பம், நேரம்

குடியிருப்புச் செக்ரட்டரியின் மருமகள் கொடுத்துவிட்டுப் போன கேள்வித்தாள் நாலு நாளாகச் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அந்தப் பெண் பகுதி நேரமாக ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். வாட்ஸப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வருகிற பொய்ச் செய்திகளைச் சாதாரண ஜனங்கள் ஏன் மெனக்கெட்டுத் திருத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. அதில் இருபத்தொன்றை லேப் அக்கா ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். வயது, நாற்பத்தேழு. வேலை, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் பதிவேடு. எத்தனை குழுக்களில் திருத்துகிறீர்கள், மூன்று. வாரத்துக்கு எத்தனை முறை, பத்துக்கு மேல். திருத்தப் போய் உறவில் மனஸ்தாபம் வந்ததுண்டா, உண்டு.

ஏழாவது கேள்வியில்தான் வண்டி நின்றது. "நீங்கள் ஏன் திருத்துகிறீர்கள்?" கீழே ஐந்து கட்டம். சமூகப் பொறுப்பு, பிறர் ஏமாறக் கூடாது என்ற அக்கறை, பொய்யைக் கண்டால் வரும் கோபம், துறை அறிவு, பிற. முதல் கட்டத்தில் அவள் டிக் அடித்திருந்தாள். நீல மையில், நல்ல அழுத்தமாக. அடித்துவிட்டுப் பேனாவை மூடும்போதே முகம் சுட்டது. தாளைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்துபோய் இல்லாத அழுக்கை அடுப்பு மேடையில் துடைத்தாள்.

சமூகப் பொறுப்பாம்! அந்தக் குடியிருப்பில் நாலு மாதத்துக்கு முன்னால் ஓடிய பெரிய பொய்யை எழுதியவளே அவள்தான். அது யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது. நூற்றிருபது பேர் அதை வாசித்தார்கள், ஆனால் அது பொய் என்றும் அதை அவள் இட்டுக்கட்டினாள் என்றும் ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் கொடுமை.

லேப் அக்கா என்பது குடியிருப்பு வைத்த பெயர். நாலு கட்டடம், ஒவ்வொன்றும் நாலு மாடி, நடுவில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியைச் சுற்றி சைக்கிள்கள். அவள் வீடு இரண்டாம் மாடி. வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ஒரே மகள் கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கிறாள். அக்கா காலை எட்டு மணிக்கு லேபில் இருக்க வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடமாயிற்று. ஆனாலும் வருகிற ஒவ்வொரு மாதிரியையும், ரத்தமோ சளியோ சிறுநீரோ, பெரிய கோடு போட்ட பதிவேட்டில் கையால் எழுதுகிற வழக்கத்தை அவர்கள் விடவில்லை. எண், பெயர், வயது, முகவரி, டாக்டர் குறிப்பு, முடிவு. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதிவேடு அவள் கையில்.

அந்தப் பதிவேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. கிறுக்கி மறைக்கக் கூடாது. வெள்ளை மை அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. தப்பின் நடுவில் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் சரியானது. அதன் கீழ் சுருக்கொப்பம், தேதி, நேரம். இந்த விஷயத்தில் அக்கா யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டாள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வேலை பழகுவார்கள்.

லேபில் இவ்வளவு அதிகாரம், குடியிருப்புக் குழுவில் அவள் வெறும் உப்புக்குச் சப்பாணி. லிஃப்ட் கதவு இடிக்கிறது என்று எழுதினால் ஒரு கட்டைவிரல்கூட விழாது. அதே விஷயத்தை மறுநாள் செக்ரட்டரி எழுதினால் நாற்பது விரல். "எனக்கென்ன, போங்க" என்று அவள் வீட்டுக்காரரிடம் சொல்வாள். ஆனால் உள்ளுக்குள் உறுத்தும். மனிதர்களுக்கு இருக்கிற ஆசைதான், யாராவது நம் பேச்சை ஒரு தரமாவது காது கொடுத்துக் கேட்டால் என்ன என்கிற ஆசை.

அந்த ஆசை ஒரு புதன்கிழமை மதியம் அவளைப் பிடித்து ஆட்டிவிட்டது. காலையில் ஒரு குழந்தையின் மாதிரி வந்திருந்தது. மூன்று வயது, உடம்பில் கொப்புளம், காய்ச்சல். டாக்டர் குறிப்பில், பகல்நேரக் காப்பகத்துக்குப் போகும் குழந்தை என்று இருந்தது. முகவரிப் பத்தியை எழுதும்போது பார்த்தால், அவள் குடியிருக்கும் அதே தெரு. முடிவு வர மறுநாள் மதியம் ஆகும். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கைப்பேசியைப் பார்த்தாள். குழுவில் யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்ட செய்தி. காப்பகங்களில் கொப்புளக் காய்ச்சல் தீயாகப் பரவுகிறதாம், குழந்தைகளை அனுப்பாதீர்களாம், பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒரு உயிர் பிழைக்குமாம். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

அக்கா அதற்குக் கீழே எழுதினாள்: "உண்மைதான். எங்க லேப்லயும் ரெண்டு குழந்தைக்கு உறுதியாயிருக்கு. நம்ம காப்பகத்துக் குழந்தைங்கதான்."

ஒரு குழந்தை இரண்டானது எப்படி? வராத முடிவு உறுதியானது எப்படி? தெருவில் இரண்டு காப்பகம் இருக்கும்போது அது குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கிற காப்பகம்தான் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கை எழுதியது. ஒன்று என்றால் அசட்டையாக விட்டுவிடுவார்கள், இரண்டு என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று எங்கேயோ ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. வெட்கங்கெட்ட கணக்கு.

நிமிர்ந்துதான் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வருவதற்குள் முப்பத்தெட்டு பதில். "நல்ல வேளை சொன்னீங்க லேப் அக்கா." "உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கறது எங்க அதிர்ஷ்டம்." செக்ரட்டரியே தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அன்று மதியம் அக்காவின் கையெழுத்துகூடக் கொஞ்சம் வளைந்து நெளிந்து அழகாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மதியம் இரண்டேகாலுக்கு முடிவு வந்தது. நெகட்டிவ். அந்தக் குழந்தைக்கு ஏதோ ஒவ்வாமை. அந்தச் சொல்லைப் பதிவேட்டில் எழுதியதும் அவள் கையாலேதான். போதாததற்கு, முடிவை வாங்க வந்த குழந்தையின் அப்பா தெருக்கோடியில் இருக்கிற மற்றக் காப்பகத்தின் பெயரைச் சொன்னார். அக்கா எழுந்தாள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கைப்பேசியை எடுத்து, அந்த வரிகளின் மேல் விரலை அழுத்தி, எல்லோருக்கும் அழி என்பதைத் தொட்டாள். வரிகள் போயின. இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

எங்கே விட விட்டார்கள்? ஐந்து நிமிடத்தில் ஒருத்தி கேட்டாள், ஏன் அக்கா அழித்துவிட்டீர்கள், மேலிடத்தில் ஏதாவது மிரட்டினார்களா என்று. இன்னொருத்தர், ஆஸ்பத்திரிக்காரர்கள் மூடி மறைக்கிறார்கள், பாவம் அந்தம்மா என்ன செய்வாள் என்று எழுதினார். இல்லை, நான் எழுதியது தப்பு என்று அப்போதே எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஒரே ஒரு வரி. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டாள். அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் புரிந்துகொண்டார்கள், அவர்கள் இஷ்டப்படி.

காப்பகத்தை நடத்தியவள் இந்தக் குழுவில் இல்லை. குழு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு, அவள் வாடகைக்கு இருப்பவள். நாற்பது வயது இருக்கும். கணவனைப் பிரிந்து வந்து, எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்து வீட்டின் முன் அறையில் பாய் விரித்து, பதினோரு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். உதவிக்கு ஒரு பெண். சுவரில் பதினோரு கொக்கி, கொக்கிக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. எழுத்து தெரியாத குழந்தைகளாயிற்றே, அதனால் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு படம் ஒட்டியிருப்பாள். மீன், குடை, பட்டம், ஆமை. குடை எங்கே என்று கேட்டால் அந்தக் கோப்பைக்குரிய குழந்தை கையைத் தூக்கும். அக்கா வேலை விட்டு வரும்போது ஜன்னல் வழியாக எத்தனையோ நாள் அதை நின்று பார்த்திருக்கிறாள்.

வியாழக்கிழமை பதினொன்று ஏழானது. திங்கட்கிழமை நாலு. அடுத்த புதன்கிழமை இரண்டு. ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு சாக்கு சொன்னாள். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், அலுவலகத்தில் விடுப்பு, குழந்தைக்குப் பல் முளைக்கிறது. நேரே சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் காப்பகத்துப் பெண். தெரிந்துபோயிற்று, சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அக்கா நினைத்தாள். அவளோ செருப்பை வெளியே விட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள், ஏதோ காய்ச்சல் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டார்களாம், என் குழந்தைகள் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை, நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பவர், உங்கள் குழுவில் ஒரு வார்த்தை எழுதுவீர்களா என்று.

அப்போதாவது சொன்னாளா? இல்லை. எழுதுகிறேன் என்றாள். எழுதவும் எழுதினாள், நீளமாக, அழகாக. கொப்புளம் எல்லாம் அந்தக் காய்ச்சல் இல்லை, எதை நம்பலாம் எதை நம்பக் கூடாது, நம் தெருவில் ஒருத்தருக்கும் உறுதியாகவில்லை என்று. யார் முதலில் சொன்னது என்பதை மட்டும் பூசி மெழுகிவிட்டாள். "சில தவறான தகவல்கள் பரவின" என்று. பரவினவாம், தானாகவே காலை எடுத்து வைத்து நடந்து பரவின!

செக்ரட்டரி அதைக் குழுவின் உச்சியில் குத்தி வைத்தார். நாலு குழந்தைகள் திரும்பி வந்தார்கள். காப்பகத்துப் பெண் மாடி ஏறி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றாள். அக்கா அந்தக் கைகளை உருவிக்கொள்ளவும் முடியாமல் பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றாள்.

அன்றிலிருந்து பிடித்தது அவளுக்கு இந்தத் திருத்துகிற நோய். எலுமிச்சை விதையில் புற்றுநோய்க்கு மருந்து என்று வந்தால் ஆதாரம் கேட்டாள். ஆறு வருடத்துக்கு முந்தைய வெள்ளப் படத்தை நேற்று எடுத்தது என்று போட்டால், பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சார்ஜர் செருகியிருக்கும் கைப்பேசி மூளையை உருக்கும் என்று கொழுந்தன் குடும்பக் குழுவில் போட, அக்கா திருத்த, அவர் அண்ணிக்கு ரொம்பத்தான் தெரியும் என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார். லேப் அக்காவாக இருந்தவள் கரெக்‌ஷன் அக்கா ஆனாள்.

ஏன் இப்படி அலைகிறாள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். சமூக சேவை மனப்பான்மை என்றார் செக்ரட்டரி. படித்த திமிர் என்றார் கொழுந்தன். "உலகத்துல கழண்டு கெடக்கற நட்டெல்லாம் நீதான் முடுக்கணுமா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு பொய்யைத் திருத்தும்போதும் அவள் தன்னுடைய அந்த இரண்டு வரியைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கையைத் தேய்ப்பது போலத்தான். அவர் கையாவது கடைசியில் வெளுத்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமைதான் கேள்வித்தாள் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடியும் காப்பகத்துப் பெண் வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யப்போவதாகச் சொன்னாள். ஆறு குழந்தைகளை வைத்துக்கொண்டு நடத்த முடியவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேர் திரும்பினாலே சமாளித்துவிடுவாள், ஆனால் அந்த ஐந்து வீடும் அசையவில்லை. அதில் ஒரு தாயை வழியில் மறித்து, காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறாள். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாளாம்.

"உங்க லேப்ல யாரோ ஒருத்தங்க முதல்லயே சொல்லிட்டாங்களாம்க்கா, ரெண்டு குழந்தைக்கு உறுதின்னு. அப்புறம் ஆஸ்பத்திரில மிரட்டி அழிக்க வெச்சாங்களாம். நீங்க பின்னாடி எழுதினதுகூட அந்த பயத்துலதான்னு நெனைக்கறாங்க. யாருன்னு பேரு கேட்டேன், அவங்க வேலைக்கு ஆபத்து வரும்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்க. நீங்க கண்டுபிடிங்கக்கா. அவங்க வாயால, அது பொய்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க கேட்டா சொல்லுவாங்க."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பார்க்கிறேன் என்று முணுமுணுத்தாள். அவள் போன பிறகு கதவைப் பிடித்தபடியே நின்றாள். அந்த ஐந்து தாய்மாரும் இவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவள் வேலை போய்விடக் கூடாது என்று நாலு மாதமாக வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இவளுடைய பொய்யை அவர்கள் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். அதை நினைத்தபோது கூனிக் குறுகிப்போனாள்.

வீட்டுக்காரர் வந்ததும் முழுவதையும் கொட்டிவிட்டாள். அவர் சோப்புக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை அவர், பெண்டாட்டி தலை குனியக் கூடாது என்று நினைக்கிற மனிதர். யாருக்கும் தெரியாததை நீயாக ஏன் கிளறுகிறாய், நீதான் திருத்தி எழுதிவிட்டாயே, விட்டுத்தள்ளு என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார், பதிவேட்டில் முகவரி பார்த்து வெளியே எழுதியது தெரிந்தால் லேபில் உன்னை என்ன செய்வார்கள் என்று யோசித்தாயா என்று. யோசிக்காமலா இருப்பாள்? நாலு மாதமாக அதையும்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். விட்டுத்தள்ளுவோம் என்றுதான் அன்றைக்கும் முடிவு செய்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா, அந்த முடிவு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண், முப்பது வயதுக்காரி, இரண்டு குழந்தைக்குத் தாய், ஒரு நோயாளியின் சர்க்கரை அளவைத் தப்பாக எழுதிவிட்டாள். நூற்று எண்பது என்பதை நூற்றுப் பதினெட்டு என்று. எழுதினது மட்டுமில்லை, தன் கைப்பையிலிருந்து வெள்ளை மையை எடுத்துப் பூசி, ஊதிக் காயவைத்து, மேலே சரியான எண்ணை எழுதியிருந்தாள். அக்கா பக்கத்தைப் புரட்டும்போது அந்த வெள்ளைத் திட்டு விரலில் தட்டுப்பட்டது. சும்மா விடுவாளா?

"என்ன வேலை இது?" என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண், சரியானதைத்தானே மேலே எழுதியிருக்கிறேன், இப்போது தப்பு எங்கேயும் இல்லையே என்றாள்.

"உன் நோட்டுல இல்ல. காலையில டாக்டர் வந்து பாத்துட்டுப் போனாரே, அவரு மண்டைக்குள்ள நூத்திப் பதினெட்டுதானே இருக்கு? நீ பூசி மறைச்சிட்டா, அது தப்புன்னு அவருக்கு யாரு சொல்றது? அழிச்சா உனக்குத்தான் சுத்தம். பாத்துட்டுப் போனவங்களுக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெண் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடும்மா என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன பாடம், தன் காதில் விழ இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அழித்தது அவளுக்குச் சுத்தம். பார்த்துவிட்டுப் போனவர்கள் மண்டையில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நாலு மாதமாக.

சாயங்காலம் பேருந்தை விட்டு இறங்கியவள் மாடி ஏறவில்லை. நேரே காப்பகத்துக்குப் போனாள். குழந்தைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். காப்பகத்துப் பெண் சின்னச் சின்னப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஐந்து கோப்பைகள் தலைகீழாகத் தொங்கின. குடை, பட்டம், ஆமை, இன்னும் இரண்டு. தூசி படியக் கூடாது என்று கவிழ்த்து மாட்டியிருக்கிறாள், கழற்றி வைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

வாங்கக்கா, கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டாள் அவள்.

"கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லம்மா. அது நான்தான். ரெண்டு குழந்தைன்னு எழுதினதும் நான், அழிச்சதும் நான். யாரும் மிரட்டல. முடிவு வர்றதுக்கு முன்னாடியே நானா சேத்து எழுதினேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தாள், அடுக்கின் மேல் வைத்தாள், ஓரத்தைச் சரிசெய்தாள். கத்துவாள், அழுவாள், கையில் கிடைத்ததை விட்டெறிவாள் என்று அக்கா எதிர்பார்த்து நின்றாள்.

"உங்க கையப் புடிச்சு நான் நன்றி சொன்னேனே, அப்ப என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று அவள் கேட்டாள். கோபம்கூட இல்லை குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்பது போல் கேட்டாள்.

மன்னிச்சிடும்மா என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இங்க சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க சொல்லுங்க. உங்க பேரப் போட்டுச் சொல்லுங்க."

மாடிப்படியில் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் அக்கா. வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து மனம் மாறிவிடும் என்று பயம். கைப்பேசியை எடுத்தாள். அழித்த வரிகள் எங்கேயும் இல்லை, ஆனால் அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. ஒரு எழுத்து மறந்திருந்தால்தானே? "உண்மைதான். எங்க லேப்லயும் ரெண்டு குழந்தைக்கு உறுதியாயிருக்கு. நம்ம காப்பகத்துக் குழந்தைங்கதான்." அப்படியே திரும்ப அடித்தாள். முன்னும் பின்னும் ஒரு நெளிகோட்டுக் குறி வைத்தால் எழுத்துகளின் நடுவே கோடு விழும் என்பது அவளுக்குத் தெரியும். வைத்தாள். கோடு விழுந்தது. அடியில் இருப்பது நன்றாகவே படிக்க வந்தது.

அதன் கீழே எழுதினாள். "மேலே இருப்பது பொய். எழுதியது நான். அன்று வந்தது ஒரே ஒரு குழந்தையின் மாதிரி, அதன் முடிவு நெகட்டிவ். அது நம் காப்பகத்துக் குழந்தையும் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, வெட்கப்பட்டு நானே அழித்தேன். பிறகு திருத்தம் எழுதியபோதும் இதை மறைத்தேன்." கடைசியில் சுருக்கொப்பம் வைத்தாள். அது போதாது என்று தோன்ற, முழுப் பெயரையும் வீட்டு எண்ணையும் போட்டாள். தேதி. நேரம், மாலை ஆறு நாற்பது. ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

சும்மா இருப்பார்களா ஜனங்கள்? பத்து நிமிடத்தில் பதில் மழை பிடித்துக்கொண்டது. இவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களே இவளை இறக்கித் தரையில் போட்டார்கள். ஒருத்தி, உங்களை நம்பி என் பிள்ளையை மாமியாரிடம் விட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்று எழுதினாள். இனி இந்தம்மா எதைத் திருத்தினாலும் யார் நம்புவது என்று கேட்டார் இன்னொருவர். நியாயமான கேள்வி. கொழுந்தனுக்கு யாரோ அனுப்பியிருக்க வேண்டும், அவர் மறுபடி குடும்பக் குழுவில் சேர்ந்து ஒரு சிரிக்கிற படம் போட்டுவிட்டுப் போனார். அக்கா எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றுக்கும் கைகூப்புகிற படம் போடவில்லை.

சனிக்கிழமை லேபில் தலைமை டாக்டரிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். பதிவேடு அவள் கையிலிருந்து போயிற்று. மாதிரி வாங்கும் ஜன்னலில் புட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. வெள்ளை மை பூசிய அந்தப் பெண்ணிடம்தான் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். பேனாவையும் சேர்த்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செக்ரட்டரியின் மருமகள் தாளை வாங்க வந்தாள். குழுவில் நடந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும், அதனால் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினாள். இன்னொரு நாள் வேண்டுமானால் வரட்டுமா என்றாள்.

"இரும்மா, ஒரு நிமிஷம்" என்று அக்கா தட்டுக்கு அடியிலிருந்த தாளை எடுத்தாள். ஏழாவது கேள்வி. சமூகப் பொறுப்பு என்ற கட்டத்தில் இருந்த டிக்கின் நடுவே ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, நேரம் பத்து இருபது. பிற என்ற இடத்துக்கு எதிரே இருந்த கோட்டில் எழுதினாள்: "முதல் பொய்யை எழுதியவள் நான்."

மருமகள் தாளை வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சங்கடமாகப் போயிற்று. "தப்பா அடிச்சதுன்னா வேற தாள் தர்றேன் ஆன்ட்டி. இதுல ரெண்டுமே தெரியுதே" என்றாள்.

"தெரியட்டும்மா" என்றாள் அக்கா.

அவளை வழியனுப்ப வாசல்வரை போனவள் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று கீழே பார்த்தாள். விடுமுறை நாளாக இருந்தும் காப்பகத்தின் ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே காப்பகத்துப் பெண் குழாயடியில் கோப்பைகளைக் கழுவித் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். குடையும் ஆமையும் நிமிர்ந்து தொங்கின. பட்டம் இன்னும் கவிழ்ந்தே இருந்தது. யாரோ பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையைத் தூக்கி, மேலே நிற்பது யாரென்று பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.